பிரஷர் பார்க்க வரும் அக்காவிடம் குடியைப் பற்றியும் பேசலாம்!

விடிய இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் கூடலூரிலும் கம்பத்திலும் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடுகின்றன. கையில் தூக்குவாளியும் தலையில் சுற்றிய துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து ஏறி உட்காருகிறார்கள். கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் மலையேறி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகும் பயணம் அது. போடிப் பக்கத்துப் பெண்களுக்கு போடிமெட்டுப் பாதை. இனி அவர்கள் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும்.

பள்ளத்தாக்கிலேயே தங்குபவர்களுக்கும் ஓய்வில்லை. பன்னீர் திராட்சைக்குப் பேர்போன ஊர் இது. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. முல்லைப் பெரியாறு தண்ணீரில் நெல், தோப்புகளில் வாழை, தென்னை. கவாத்து, மருந்தடிப்பு, அறுப்பு, சுமை ஏற்றுவது என்று ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருக்கும். கூலி வேலைக்குப் போகிறவர் ஆஸ்பத்திரிக்குப் போனால், அன்றைய கூலி போனது போனதுதான்.

இப்படிப்பட்ட ஊரில் பிரஷருக்கும் சுகருக்கும் மாதாமாதம் வரிசையில் நின்று மாத்திரை வாங்குவது யாரால் முடியும்? 'தலை சுத்துனா பாத்துக்கலாம்' என்றுதான் பலரும் விட்டுவிடுவார்கள். அந்த நிலையை ஓரளவு மாற்றியது, தோளில் ஒரு பையுடன் வாசலுக்கே வந்து நிற்கும் அந்த அக்காதான்.

வாசலுக்கு வந்த மருத்துவம்

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில் தொடங்கப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். ஏற்கெனவே நோய் இருப்பவர்களுக்கு மாத்திரைகளைக் கையில் கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் தேடி நோய்த் தணிப்புச் சிகிச்சைச் செவிலியரும், கை கால் விழுந்தவர்களைத் தேடி இயன்முறைச் சிகிச்சையாளரும் வருகிறார்கள். 2022 டிசம்பரில் திருச்சி மாவட்டம் சன்னாசிப்பட்டியில் ஒரு கோடியாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டகம் வழங்கப்பட்டது. 2024-ல் தொற்றாநோய்களுக்கான ஐக்கிய நாடுகள் சபைக் குழுவின் விருதும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

விருதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. வருகிறவர் வெளியூர் டாக்டர் இல்லை. அதே ஊர்ப் பெண். வீட்டுக்காரர்களுக்கு அவர் 'மதினி' அல்லது 'அக்கா'. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பிரஷர் பட்டையைக் கையில் சுற்றுவார்.

"சின்னம்மா, மாத்திரை தவறாமப் போடுறீங்களா?"

"நான் போட்டுருவேன்த்தா. ஒங்க சித்தப்பாதான்..."

வாக்கியம் அங்கேயே நின்றுவிடும். சித்தப்பா உள்ளே படுத்திருப்பார். கை நடுங்கும். நேற்று ராத்திரி குடித்தது இன்னும் இறங்கியிருக்காது. அவர் கையில் பட்டையைச் சுற்றினால் பிரஷர் எகிறிக்கிடக்கும். ஆனால், அந்தப் பேச்சை எடுக்க இரண்டு பேருக்குமே தயக்கம்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. எந்தத் தெருவிலும் நடக்கக்கூடியது. பாதியில் நிற்கும் அந்த வாக்கியத்தை முடிக்க வைத்துவிட்டால், ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே மாறக்கூடும்.

38 பேரில் ஒருவர்

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடத்தி, 2019-ல் அறிக்கை வெளியிட்டது. 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 சதவிகிதம் பேர் மது அருந்துகிறார்கள். எண்ணிக்கையில் சுமார் 16 கோடி. அவர்களில் 5.7 கோடிப் பேருக்குக் குடி ஒரு பிரச்னையாகி, உதவி தேவைப்படும் நிலை.

இதையெல்லாம்விட அதிரவைக்கும் கணக்கு ஒன்று அதே அறிக்கையில் இருக்கிறது. குடிக்கு அடிமையாகிவிட்டவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர், சுமார் 180 பேரில் ஒருவர்.

மீதிப் பேர் ஏன் வரவில்லை? முதலில், அதை யாரும் நோயாகவே நினைப்பதில்லை. 'திமிரு', 'சேர்க்கை சரியில்லை', 'மனசு வெச்சா விட்டுரலாம்' என்றுதான் பேச்சு. அடுத்தது வெட்கம். 'மனநல டாக்டர்கிட்ட போனா பைத்தியம்னு சொல்லிருவாங்களே' என்கிற பயம். மூன்றாவது, தூரம். தேனி மாவட்டத்தின் பெரிய ஆஸ்பத்திரியான அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது. கம்பத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். குடிப்பவர் வர மாட்டார். வர மாட்டேன் என்பவரை இழுத்துக்கொண்டு போக மனைவிக்கு ஒரு நாள் கூலியை விட முடியாது. வருசநாட்டு மலையடிவாரம் என்றால் தூரம் இன்னும் பெரிய தடை. அகமலை ஊராட்சியின் மலைக் கிராமங்களிலோ நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்ததே பல முறை செய்தியாகியிருக்கிறது.

சர்க்கரை மாத்திரைக்கு இருந்த அதே தடைகள்தான் இவை. சர்க்கரைக்கு அந்தத் தடைகளை வாசலிலேயே உடைக்க முடிந்தது என்றால், குடிக்கு ஏன் முடியாது?

படிவத்தில் இருக்கும் கேள்வி

குடியைப் பற்றி வீட்டு வாசலில் கேட்பது புதிய யோசனையும் இல்லை. தொற்றாநோய்களைக் கண்டறியும் தேசியத் திட்டத்தில், களப்பணியாளர் வீட்டில் உட்கார்ந்து நிரப்ப வேண்டிய படிவத்திலேயே அந்தக் கேள்வி இருக்கிறது. வயது, இடுப்பளவு, புகையிலைப் பழக்கம் ஆகியவற்றோடு 'தினமும் மது அருந்துகிறீர்களா?' என்றும் கேட்கச் சொல்கிறது படிவம். பதிலுக்கு மதிப்பெண்ணும் உண்டு.

'ஆமாம்' என்று ஒருவர் சொன்ன பிறகு என்ன செய்வது என்பதுதான் விஷயமே. டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனால் ஒரு பயனும் இல்லை.

உண்மையில், பிரஷர் பட்டைதான் இந்தப் பேச்சைத் தொடங்க நல்ல சாக்கு. தொடர்ந்து குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும். மாத்திரை போட்டும் பிரஷர் அடங்காததற்குக் குடி ஒரு காரணமாக இருக்கலாம். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் குடிப்பவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்கக்கூடும். காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர் குடித்தால் கல்லீரல் பாதிப்புக்கான அபாயம் கூடும். 'ஏண்ணே இப்படிக் குடிக்கிறீங்க?' என்று கேட்டால் சண்டை வரும். 'பிரஷர் 160 இருக்குண்ணே. ராத்திரி குடிச்சீங்களா? வாரத்துல எத்தன நாளு?' என்று கேட்டால் பதில் வரும். முதல் கேள்வி அவருடைய குணத்தைப் பற்றியது. இரண்டாவது, உடம்பைப் பற்றியது.

'ரூம்ல போட்டுப் பூட்டுனா சரியாயிடும்'... சரியாகாது!

இந்தப் பேச்சு வாசலில் நடக்க வேண்டியதற்கு இன்னொரு முக்கியக் காரணம் உண்டு. அது உயிர் சம்பந்தப்பட்டது.

வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், உடம்பு தாங்காது. மதுவின் மந்தத்துக்குப் பழகிப்போன மூளை, அது இல்லாமல் போனதும் தறிகெட்டு ஓட ஆரம்பிக்கும். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். முதல் 2 நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். 2 முதல் 4 நாள்களுக்குள் சிலருக்குப் புத்தி பேதலிக்கும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள். இல்லாத ஆளோடு பேசுவார்கள். காய்ச்சலும் படபடப்பும் கூடும். சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிரே போகலாம்.

கிராமங்களில் இதற்குச் சொல்லப்படும் காரணமே வேறு. 'குடிய விட்டதும் காத்து கருப்பு அண்டிருச்சு' என்று விபூதி போடப் பூசாரியிடம் அழைத்துப் போவார்கள். இல்லையென்றால், 'இதுக்குத்தான் குடிக்கணும்கிறது' என்று மறுபடி ஒரு குவார்ட்டரை ஊற்றிக் கொடுப்பார்கள். மாலை போட்ட முதல் வாரத்திலும், கல்யாணம் காட்சிக்காக 'இன்னையோட விட்டேன்' என்று சபதம் எடுத்த மறுநாளும், காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்த மூன்றாம் நாளும் இது நடக்கலாம். குடியை நிறுத்தியது தவறில்லை. டாக்டரிடம் சொல்லாமல் நிறுத்தியதுதான் ஆபத்து.

மருத்துவமனையில் இதற்கு முறையான வழி இருக்கிறது. நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்தை அளவாகக் கொடுத்து, சில நாள்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். பெருங்குடியர்கள் உடம்பில் பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதையும் ஊசியாகக் கொடுப்பார்கள். 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தி விடுங்க, தெளிஞ்சிரும்' என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. பி1 வற்றிய உடம்பில் அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மூளை பாதிக்கப்படும் அபாயம் உண்டு. அதனால்தான் குடிப்பழக்கத்தை டாக்டரிடம் மறைக்கக் கூடாது என்கிறார்கள்.

வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிக்க வேண்டாம். வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, சுற்றியிருக்கும் பொருள்களை நகர்த்திவிட்டு, 108-க்கு போன் செய்ய வேண்டும். 'குடியை நிறுத்தி இரண்டு நாளாச்சு' என்கிற தகவலை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

தெரியாமல் கலக்கும் பொடி

'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்கிற விளம்பரத்தைப் பார்த்திராதவர்கள் குறைவு. அழுது அலுத்த மனைவிக்கும் அம்மாவுக்கும் அது பெரிய ஆறுதலாகத் தெரியும். பெயர் தெரியாத பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது.

குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை மருத்துவத்தில் இருப்பது உண்மைதான். ஆனால், அதைச் சாப்பிடுபவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, இதயத்தையும் கல்லீரலையும் பரிசோதித்த பிறகே டாக்டர்கள் கொடுப்பார்கள். தெரியாமல் கலந்து கொடுத்து, அவர் வழக்கம்போல் குடித்துவிட்டால், முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். காப்பாற்ற நினைத்த கையாலேயே கேடு வந்துவிடும்.

இதையும் வீட்டு வாசலில் சொல்ல வேண்டியிருக்கிறது. பொடி வாங்கி வைத்திருக்கும் விஷயத்தை ஒரு பெண் டாக்டரிடம் சொல்வதைவிட, தெரு அக்காவிடம் சொல்வதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

மஞ்சக்குடி சொன்ன பாடம்

போதை சிகிச்சை என்றால் பெருநகரத்து மருத்துவமனை என்ற எண்ணத்தைத் தமிழ்நாட்டிலேயே உடைத்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். கணவர் டி.டி.ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஓர் அமைப்பைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று அறியப்படும் இடம் அதுதான். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கிராமத்து ஏழை சென்னைக்கு வந்து மாதக்கணக்கில் தங்க முடியாது என்பதைப் பார்த்த அந்த மருத்துவமனை, கிராமத்துக்கே முகாமைக் கொண்டுபோனது. திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் நடந்த முகாம்கள் அதில் முக்கியமானவை. சுமார் 15 நாள் முகாம். ஊரில் இருக்கும் கட்டடமே மருத்துவமனை. உள்ளூர்க்காரர்களே குடிநோயாளிகளை அடையாளம் கண்டு அழைத்து வருவார்கள். குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து சந்தித்து, விட்டவர் விட்டபடி இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். மஞ்சக்குடி அனுபவத்தை சாந்தி ரங்கநாதன் எழுத, 1994-ல் சர்வதேச மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது.

மஞ்சக்குடி சொன்னது எளிய பாடம்தான். குடித்துக் கெட்டதை ஊரே பார்த்தது; விட்டு எழுவதையும் ஊரே பார்க்கட்டும். திரும்பி வந்தவரை 'வாப்பா' என்று கூப்பிட ஆள் இருந்தால், மறுபடி கடைக்குப் போகும் கால் கொஞ்சம் தயங்கும்.

டாக்டர்தான் பேச வேண்டுமா?

'பத்தாவது, பன்னிரண்டாவது படித்த பெண்கள் பேசினால் குடிகாரர்கள் கேட்பார்களா?' என்று சந்தேகம் வரலாம். இதற்குக் கோவாவில் பதில் இருக்கிறது.

மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழுவினர் அங்கே 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். அளவுக்கு மீறிக் குடிக்கும் 377 ஆண்கள் அதில் பங்கேற்றார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மீதிப் பேருக்கு அதோடு சேர்த்து, மனநலத் துறையில் தொழில்முறைப் படிப்பு இல்லாத, ஆனால் நன்கு பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களின் ஆலோசனை. அதிகபட்சம் 4 முறைதான் பேச்சு. 3 மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவிகிதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். மற்றவர்களில் 26 சதவிகிதம். குடியையே தொடாமல் இருந்தவர்கள் 42 சதவிகிதம். மறுபக்கம் 18 சதவிகிதம். 2017-ல் 'லான்செட்' இதழ் இந்த முடிவுகளை வெளியிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடம்பே மதுவைக் கேட்கும் அளவுக்கு முற்றியவர்களுக்கான சிகிச்சை அல்ல இது. பழக்கம் முற்றுவதற்கு முந்தைய கட்டத்தில் இருப்பவர்களுக்கானது. முற்றியவரை அடையாளம் கண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும், முற்றாதவரோடு உட்கார்ந்து பேசுவதும் வாசலில் செய்யக்கூடிய இரண்டு வேலைகள். இந்த இரண்டு வகையினரையும் பிரித்துப் பார்க்க உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 10 கேள்விகள் கொண்ட பட்டியலும் இருக்கிறது. மொத்தம் 40 மதிப்பெண். 8-ஐத் தொட்டாலே கவனம் தேவை. 20-ஐத் தொட்டால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

சைரன் இல்லாத ஆம்புலன்ஸ்காரர்கள்

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. ஒவ்வொரு வண்டியிலும் பைலட் ஒருவர், அவசர மருத்துவ உதவியாளர் ஒருவர். குடித்துவிட்டு வண்டியிலிருந்து விழுந்தவர், ரத்த வாந்தி எடுத்தவர், விரக்தியில் பூச்சிமருந்து குடித்தவர் என்று, குடி ஒரு வீட்டைக் கடைசியாகக் கொண்டுபோய் நிறுத்தும் இடத்தை முதலில் பார்ப்பவர்கள் இவர்கள்தான். நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்த்ததோடு அவர்கள் வேலை முடிகிறது.

அந்த வேலையை அதற்கு மேலும் நீட்டிய நாடுகள் உண்டு. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் லாங், பிரையர் என்று இரண்டு சிறு தீவுகள். டாக்டர் அங்கே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகப் படகேற வேண்டும். 2000-களின் தொடக்கத்தில், அழைப்பு இல்லாத நேரத்தில் ஆம்புலன்ஸ் ஊழியர்களே வீடுகளுக்குப் போய் ரத்த அழுத்தம் பார்க்கவும் காயத்துக்குக் கட்டுப் போடவும் தொடங்கினார்கள். தீவில் இருந்த செவிலியரும் தொலைவில் இருந்த டாக்டரும் அவர்களுக்கு வழிகாட்டினார்கள். தீவுக்காரர்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுவது குறைந்தது. 'சமூக பாராமெடிக்' என்று இன்று பல நாடுகளில் வளர்ந்திருக்கும் முறைக்கு இது ஒரு முன்னோடி.

தேனிக்கு இது அப்படியே பொருந்தாது. இங்கே 108-க்கு ஓய்வு நேரம் என்பதே அரிது. ஆனால், இங்கே ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். பெண் சுகாதாரத் தன்னார்வலர், கிராம சுகாதார செவிலியர், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவக் குழு, 108 ஊழியர் என்று ஒரு சங்கிலியின் கண்ணிகள் எல்லாமே தனித்தனியாக இருக்கின்றன. ஆண்டிபட்டியை மையமாகக் கொண்ட ஆரோக்ய அகம் போன்ற தொண்டு நிறுவனங்கள், தொழுநோய், காசநோய், எச்.ஐ.வி. என்று ஊர் ஒதுக்கிய நோய்களுக்கே இதே மாவட்டத்தில் வீடு தேடிப் போய் வேலை செய்திருக்கின்றன. ஊர் மறைக்க நினைக்கும் நோயை வெளியே பேச வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. கண்ணிகளைக் கோப்பதுதான் பாக்கி.

அக்காவுக்கும் சில உறுதிகள் வேண்டும்

அதே சமயம், எல்லாச் சுமையையும் அந்த அக்கா தலையில் ஏற்றிவிடவும் முடியாது. மாதம் சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு வேலை பார்ப்பவர் அவர். குடிப்பவரின் கோபத்துக்கு முன் தனியாகப் போய் நிற்கச் சொல்வது நியாயமில்லை. பயிற்சி வேண்டும், சந்தேகம் வந்தால் உடனே கேட்க மேலே ஓர் ஆள் வேண்டும், அனுப்பி வைத்தவரை ஆஸ்பத்திரியில் அலைக்கழிக்காமல் பார்க்க வேண்டும். அனுப்பி வைத்தவர் ஏமாந்து திரும்பினால், அடுத்த முறை அவர் சொல்லை யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று, ரகசியம். ஒரே ஊர்க்காரர் என்பது பலம், அதுவே பலவீனமும்கூட. ஒரு வீட்டில் கேட்டது அடுத்த வீட்டுத் திண்ணையில் பேச்சானால், அந்த வாசல் அவருக்கு நிரந்தரமாக மூடிக்கொள்ளும்.

கஞ்சா என்றால் போலீஸ் மட்டும்தானா?

கம்பம் பக்கத்துப் பெற்றோரின் கவலை குடியோடு நிற்பதில்லை. கஞ்சா பறிமுதல் செய்திகளில் இந்தப் பள்ளத்தாக்கின் பெயர் திரும்பத் திரும்ப அடிபடுகிறது. கடத்துபவர்களைப் பிடிப்பது போலீஸ் வேலை. ஆனால், பையன் புகைக்கிறான் என்று தெரிந்தால் வீட்டில் முதலில் வருவது பயம். 'ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா கேஸ் ஆயிருமோ?'

சிகிச்சை கேட்டு வருபவரை நோயாளியாகத்தான் டாக்டர் பார்ப்பார். போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவும், சொந்தப் பயன்பாட்டுக்காகவோ சிறிய அளவு தொடர்பாகவோ வழக்கில் சிக்கிய போதை அடிமை, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி செய்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடும். படிப்பில் பின்தங்குவது, தூக்கம் மாறுவது, காரணமில்லாத சந்தேகம், தனக்குத் தானே பேசுவது போன்றவை தெரிந்தால், அடிப்பதும் பூட்டுவதும் வேண்டாம். மனநல மருத்துவரைப் பார்ப்பதுதான் முதல் வேலை.

எங்கே போவது, யாரைக் கூப்பிடுவது?

க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கம்பம், போடி, உத்தமபாளையம், சின்னமனூர் அரசு மருத்துவமனைகளிலும் பெரியகுளம் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் முதலில் விசாரிக்கலாம். 2025 பிப்ரவரியில், 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மற்றும் மறுவாழ்வு மையங்கள் தமிழ்நாட்டின் 25 அரசு மருத்துவமனைகளில் திறக்கப்பட்டன. தனியார் மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று கேட்டுவிட்டே சேர்க்க வேண்டும். அடித்துத் திருத்துவோம் என்று சொல்லும் இடம் ஆஸ்பத்திரி இல்லை.

போனில் பேசுவதென்றால்:

போதைப் பழக்கத்திலிருந்து மீள ஆலோசனைக்கு: 14446

மனநல ஆலோசனைக்கு, எந்த நேரமும்: 14416

பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு: 104

உயிருக்கு ஆபத்தென்றால்: 108

குடித்துவிட்டு வந்து அடிக்கிறார் என்றால், பெண்களுக்கான உதவி எண்: 181

பேசும்போதும் சில விஷயங்களை மனதில் வைக்கலாம். குடித்திருக்கும்போது பேச வேண்டாம். விடிந்து தெளிந்த பிறகு பேசலாம். பிள்ளைகள் முன்னால் அவமானப்படுத்த வேண்டாம். 'நீ மோசம்' என்பதை விட்டு, 'நேத்து நீங்க விழுந்ததப் பாத்து பயந்துட்டேன்' என்று நடந்ததைச் சொல்லலாம். விட்ட பிறகு மறுபடி ஒரு நாள் குடித்துவிட்டால், எல்லாம் முடிந்தது என்று கைவிட வேண்டாம். சர்க்கரை நோயாளிக்கு ஒரு மாதம் சர்க்கரை ஏறினால் மாத்திரையை நிறுத்திவிடுகிறோமா? இதுவும் அப்படி, திரும்பத் திரும்பக் கவனிக்க வேண்டிய நோய்தான்.

பொழுது சாய்கிறது. ஜீப்புகள் மலையிறங்கி வருகின்றன. ஏலக்காய் வாசம் ஒட்டிய கையோடு வீட்டுக்குள் நுழையும் பெண்ணுக்கு, அடுப்பு பற்ற வைப்பதற்கு முன் பார்க்க வேண்டிய முகம் ஒன்று உள்ளே இருக்கிறது. இன்று எந்த நிலையில் இருக்கிறாரோ என்கிற பயம் அவருக்குத் தினமும் உண்டு.

அடுத்த முறை தோளில் பையோடு அந்த அக்கா வரும்போது, 'நான் போட்டுருவேன்த்தா. ஒங்க சித்தப்பாதான்...' என்பதோடு நிறுத்த வேண்டாம். மீதியையும் சொல்லிவிடுங்கள்.